ஆம்பூரில் ஒரு தூளிக் கொக்கி

"ஆம்பூருக்குப் போகிறோம்" என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பிரியாணிக்கா?" என்பதுதான். இல்லை, பரீட்சைக்கு! கட்டடக் கலை படிப்பின் ஐந்தாவது வருஷம். கடைசி ஆறு மாதம் வகுப்பே கிடையாதாம். ஒரு கட்டடத்தை மனசிலே நினைத்து, இடம் பார்த்து, அளந்து, வரைந்து, மரத்தாலும் அட்டையாலும் மாதிரி செய்து, வெளியூரிலிருந்து வரும் பரீட்சகர்கள் முன்னால் நின்று "இதை ஏன் இப்படிக் கட்டினாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 'தீசிஸ்' என்கிறார்கள். பெண்ணைப் பெற்றவளுக்கு அது இன்னொரு பிரசவம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

என் மகள் எடுத்துக்கொண்ட விஷயம் தோல். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கோத்த மணிகள் மாதிரி இருக்கும் ஊர்களில் தோல் பதனிட்டு, ஷூ தைத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அந்தத் தொழிலுக்கு ஆம்பூரில் ஓர் அருங்காட்சியகம் கட்டுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தோலைப் பிடித்து முறுக்கிய மாதிரி ஒரு கூரை. படத்தில் பார்க்க வெகு அழகு! அவளுடைய ஆசிரியை மட்டும் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊரைப் பார்த்தாயா?" என்று கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை. அதனால்தான் பொங்கல் கழிந்த கையோடு ரயில் ஏறினோம். துணைக்கு நான், கூடவே புளிசாதம், ஒரு பெரிய டேப், ஒரு சின்ன வெப்பமானி.

காட்பாடியில் இறங்கி முதல் நாள் வேலூர். கோட்டையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? 16-ம் நூற்றாண்டில் விஜயநகரத்து நாயக்கர்கள் கருங்கல்லில் கட்டியது, சுற்றிலும் அகழி, 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயிலில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்தால் கண் அகலாது. வெகு காலம் சுவாமி இல்லாமலே இருந்த கோயில், 1981-ல்தான் லிங்கம் திரும்பி வந்தது. நான் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்க, என் பெண் மண்டபத்தின் ஓரத்தில் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ளே எவ்வளவு குளுமை பாரும்மா" என்றாள். அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

மறுநாள் ஆம்பூர். வழி நெடுகப் பாலாறு கூடவே வருகிறது. ஆறு என்றால் மணலும் முள்ளுச் செடியும்தான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தாண்டி வாணியம்பாடி அருகே நம் எல்லைக்குள் வருகிறது. "இதிலே தண்ணீர் வருமா?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளைக் கேட்டேன். "2021 நவம்பர்ல வந்து நின்னுச்சு பாருங்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தண்ணி. பார்க்கவே பயமா இருந்துச்சு" என்றார். என் மகள் உடனே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். அவள் அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுத்த மனை கரையோரத்துப் பள்ளத்தில் இருந்தது!

தெரிந்தவர் மூலமாக ஒரு பழைய தோல் ஷாப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. 'டேனரி' என்பதை அங்கே தோல் ஷாப்பு என்றுதான் சொல்கிறார்கள். நாற்றத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். இருக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் மூக்கு சமாதானமாகிவிடுகிறது. அங்கே ஆயுசையே கழித்த ஒரு பெரியவர் (எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) எங்களைச் சுற்றிக் காட்டினார். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி. அதில்தான் முடி உதிரும். அதற்கப்புறம்தான் பதனிடுவது.

"அந்தக் காலத்துல எல்லாம் பட்டைதாம்மா. ஆவாரம் பட்டை, அப்புறம் வாட்டில் பட்டை, கடைசியா கடுக்காய்" என்றார்.

ஆவாரமும் கடுக்காயுமா! நமக்கு ஆவாரம் என்றால் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற மஞ்சள் பூ. கடுக்காய் என்றால் பாட்டி ராத்திரியில் வெந்நீரோடு கொடுக்கும் பொடி. திரிபலாவில் மூன்றில் ஒன்று. வாயில் போட்டால் நாக்கைச் சுருட்டிப் பிடிக்கிறதல்லவா, அந்தத் துவர்ப்புதான் தோலையும் பிடித்து இறுக்கி, அழுகாமல் காப்பாற்றுகிறதாம். என் மகள் இன்னொன்றும் சொன்னாள். பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் போடும்போது சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றித்தான் இடிப்பார்கள். வயிற்றுக்கும் அதே காய், செருப்புக்கும் அதே காய், மொட்டை மாடிக்கும் அதே காய்! நம் அஞ்சறைப் பெட்டிக்காரிகள் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு. சுழலும் பெரிய மர டிரம்மில் போட்டால், பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை ஒரு நாளில் முடிகிறது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் குறைத்து, முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்புங்கள் என்று திருப்பிவிட்ட பிறகுதான் இந்த ஊர்களில் ஷூ கம்பெனிகள் பெருகின. பெண்களுக்கும் ஆயிரமாயிரமாய் வேலை கிடைத்தது. ஆனால் தண்ணீர்? ஒரு கிலோ தோலுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பும் குரோமும் கலந்து அது வெளியே வந்தால் கிணற்றுக்குத்தான் போகும். வேலூரின் குடிமக்கள் நல மன்றம் ஒன்று 1991-ல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில்தான் நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக எழுதி வைத்தார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுசாகவோ பாழாகியிருப்பதாக அந்த வழக்கிலேயே பேசப்பட்டிருக்கிறது. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள் இப்போது இருக்கின்றன. ஆனாலும் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாகப் பெரியவர் எங்களைத் தோல் காயப்போடும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உயரமான ஓட்டுக் கூரை. பக்கவாட்டில் சுவரே இல்லை என்று சொல்லலாம். மரச் சட்டங்களுக்கு நடுவே காற்று தாராளமாக நுழைகிறது. "தோலை வெயில்ல போட்டா விறைச்சு வெடிச்சுப் போயிடும். நிழல்தான் வேணும், காத்துதான் வேணும்" என்றார். என் பெண் மேலே அண்ணாந்து பார்த்தபடி வெகு நேரம் நின்றாள்.

சாயங்காலம் ஊருக்குள் நடந்தோம். ஒரு சந்தில் வாசற்படிதோறும் பெண்கள் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால், ஷூவின் மேல்பாகம். 'அப்பர்' என்கிறார்கள். தடித்த தோலில் போட்ட துளைகளுக்குள் ஊசியை நுழைத்துக் கையால் இழுக்க வேண்டும். கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் வேலை. இவ்வளவு என்றால் ஜோடிக்குச் சில ரூபாய்தான். அந்த ஷூ அயல்நாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வாசலில் இருபத்தைந்து வயசுகூட இராத ஒரு பெண். உள்ளே ஒரே அறை, மேலே தகரம். உத்தரத்துக் கம்பியில் பழைய புடவையைக் கட்டித் தூளி. அதில் எட்டு மாசக் குழந்தை. தூளி நூலின் ஒரு முனையைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, ஆட்டிக்கொண்டே தைக்கிறாள்!

"ஏம்மா, உள்ளே உட்கார்ந்து தைக்கக் கூடாதா? வாசல்ல ஒரே தூசியா இருக்கே."

"உள்ள இருட்டும்மா. ஊசி கையில ஏறிடும். வெளிய வந்தா புள்ள கண்ணுக்குத் தெரியாது. அதான் இப்டி நடுவுல."

அவள் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். முதுகு வலி, கழுத்து வலி, கண் எரிச்சல் எல்லாம் உண்டாம். (வீட்டில் உட்கார்ந்து தைக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், வெளிச்சம் தைக்கிற கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும், பசை டப்பா குழந்தை இருக்கும் அறையில் திறந்திருக்கவே கூடாது, அந்த நெடி சின்ன நெஞ்சுக்கு ஆகாது.)

என் மகள் பெருமையாகத் தன் படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வாங்கிப் பார்த்தாள். "நல்லாருக்கு கண்ணு. இத்தினி கண்ணாடி போட்டா வெயில்ல உள்ள யாரு இருப்பாங்க?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எங்களை மாதிரி ஆளு இதுல எங்க வருவோம்?" என்றாள். கேலியே இல்லை. உண்மையாகவே தன் இடத்தைத் தேடிப் பார்த்தாள்.

திரும்புகிற ரயிலில் என் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. காட்பாடி தாண்டியதும் அழுதாள். பரீட்சைக்கு நாலு மாசம்கூட இல்லை. பாதி வேலை முடிந்திருந்தது. "தூக்கிப் போட்டுடலாமா அம்மா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? எனக்குக் கட்டடம் தெரியாது. "அந்தக் குழந்தைக்கு ஓர் இடம் வரையேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. மதிப்பெண் போய்விட்டால்?

சட்டத்தைத் தேடிப் படித்தாள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். சரி, நல்ல சட்டம். ஆனால் வாசற்படிக்கு எந்தச் சட்டம் காப்பகம் கட்டித் தரும்? அவளுக்கு முதலாளி யார் என்றே அவளுக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் மூட்டை கொண்டு வருகிறவரைத்தான் தெரியும்.

ஆகவே கட்டடம் மாறிற்று. ஒரு தெருவின் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து தைக்க ஒரு கூடம். அதை ஒட்டி, தைக்கிற இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குழந்தைகள் தூங்கும் அறை. உருவத்தை எங்கிருந்து எடுத்தாள் தெரியுமா? தோல் காயப்போடும் கொட்டகையிலிருந்து! தோலுக்கு ஆகாத வெயில் குழந்தைக்கு மட்டும் ஆகுமா? மார்ச் கடைசியில் மறுபடியும் போனோம். பகல் இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணின் தகர அறையில் வெப்பமானி 41 காட்டிற்று. வெளியே வேப்ப மர நிழலில் 38. பாயின் கொட்டகையில் 36. அக்கினி நட்சத்திரம் வருவதற்கு முன்னாலேயே இந்தக் கதி. அதற்கப்புறம் யாரும் அவளிடம் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

மேற்குச் சுவர்தான் எதிரி என்றாள். மத்தியான வெயிலை முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி குழந்தை தூங்கும்போது உள்ளே விடுமாம். அதனால் மேற்கே கழிப்பறையும் சாமான் அறையும். அங்கே எலிப்பொறிக் கட்டுச் சுவர். கேரளத்தில் லாரி பேக்கர் என்கிற பெரியவர் பரப்பினாரே, செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது, அதுதான். செங்கல்லில் கால்வாசி மிச்சம். பொந்தில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். வடக்கே பெரிய ஜன்னல், தைக்கிறவர்களுக்குக் கண் கூசாத வெளிச்சம். குழந்தையின் உயரத்துக்குக் கை கழுவும் தொட்டி. பால் கொடுக்க ஒரு திரை போட்ட மூலை. இந்த மூலையை அவள் மறந்தே போயிருந்தாள், நான்தான் சொன்னேன். பெற்று வளர்த்தவளுக்கும் ஒரு மதிப்பெண் போடலாம்!

மனையையும் மாற்றினாள். 2021-ன் வெள்ளம் ஏறிய உயரத்தை நாலு வீட்டுச் சுவர்களில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு மேலே மேடான இடம் தேடினாள். அவள் ஒதுக்கிய மனைகளில் ஒன்று கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. "இது ஏன் வேண்டாம்? விலையும் மலிவாயிற்றே" என்றேன். அப்போதுதான் ராணிப்பேட்டையைப் பற்றிச் சொன்னாள். 2015 ஜனவரி 31-ம் தேதி விடியற்காலை, சிப்காட்டில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "சேறு தண்ணீரைவிடக் கனம் அம்மா. அந்தச் சுவரை யாரோ ஒருத்தர் வரைந்திருக்கணும், யாரோ கணக்குப் போட்டிருக்கணும். அந்தப் பக்கம் யார் தூங்குவார்கள் என்று அந்தக் காகிதத்தில் இருந்திருக்காது" என்றாள். இருபத்திரண்டு வயசுப் பெண் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று ராத்திரி அவள் படத்தை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் பென்சிலால் சின்னதாக, யார் தூங்குவார்கள், எந்த நேரத்தில் என்று எழுதி வைத்திருந்தாள்.

தூளிதான் கடைசிப் பிரச்னை. காப்பகம் என்றால் கட்டில் தொட்டில் வரிசையாகப் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். ஆம்பூர்ப் பெண்கள் ஒரே குரலில், "தூளி இல்லேன்னா புள்ள தூங்காது" என்றுவிட்டார்கள். தூளிக்கு மேலே கொக்கி வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு துளை போட்டு மாட்டுகிற கொக்கியை நம்பக் கூடாது. ஆடி ஆடிக் கழன்று வரும். கூரைக்குக் கம்பி கட்டும்போதே, 12 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, அதன் இரண்டு காலையும் பெரிய கம்பிகளுக்கு மேலே மடக்கிப் பிடிக்க வைத்து, கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஒரு கொக்கியில் ஒரு தூளிதான். தூளிக்குள் குழந்தை மட்டுமில்லை, சில சமயம் ஆட்டுகிற அண்ணனும் ஏறிக்கொள்வான் என்று நான் சொன்னதைக்கூடக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்த ஒரு கொக்கியை மட்டும் ஒரு முழுக் காகிதத்தில் பெரிதாக வரைந்தாள்.

மே மாதம் பரீட்சை. பெற்றோருக்கு உள்ளே இடமில்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பரீட்சகர், "இது கட்டடக் கலையா, கொட்டகையா?" என்று கேட்டாராம். "கொட்டகைதான் சார். 36 டிகிரி" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். இன்னொருவர் கொக்கிப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டாராம். தேறினாள். பிரமாதமான மதிப்பெண் இல்லை. கண்ணாடி மாளிகை வரைந்த சிநேகிதன் இவளைவிட மேலே. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏன் மறைக்க வேண்டும்? அவளுக்கும் இருந்தது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கட்டடம் எங்கும் எழும்பவில்லை. மாணவர்களின் தீசிஸ் எல்லாம் அப்படித்தானாம், சுருட்டி அலமாரி மேல் போய்விடும். எங்கள் வீட்டிலும் பரணில் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள் போன் வந்தது. ஆம்பூர்ப் பெண். அவள் அண்ணன் ஊருக்கு வெளியே வீடு கட்டுகிறானாம். அதில் இவளுக்கும் ஓர் அறை. மறுநாள் கூரைக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். "கண்ணு, அந்தக் கொக்கி எத்தினி மில்லின்னு சொன்னே? மேஸ்திரி பத்து போதுங்கறாரு."

என் மகள் சமையலறையில் பாதி உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். "பன்னிரண்டு அக்கா. மேஸ்திரிகிட்ட போனைக் குடுங்க, நான் பேசறேன்" என்றாள்.